கைப்பை உட்பட இருபது கிலோ

வளப்பூர் நாடு,
கொல்லிமலை.
12.6.2024

சென்னையில் இருக்கும் மாப்பிள்ளை ரமேஷ்குமாருக்கு மாமன் ராசு எழுதுவது.

நாங்கள் இங்கே நலம். இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், எழுதிவிட்டேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் அத்தை முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். பலா இந்த வருஷம் கிளை தாங்காமல் காய்த்திருக்கிறது. ஏறிப் பறிக்கத்தான் ஆள் இல்லை.

போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறானே என்று நினைக்காதே. பெற்ற பிள்ளை செல்வம் கடலில் போய்விட்டான் என்று ஜனவரியில் போனில் வந்த சேதி ஒன்றே எனக்கு ஆயுசுக்கும் போதும். அன்றைக்குப் போனை அணைத்து அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டதுதான், இன்னும் அங்கேயே கிடக்கிறது. எதுவானாலும் தபாலில் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். அவன் வேலை பார்த்த கப்பல் கம்பெனியிலிருந்து காகிதம் வந்தது. மகள் கலைமணி படித்துச் சொன்னாள். அவன் விழுந்த அந்தப் பனிக்கடலுக்கு வரும் சீசனில் குடும்பத்தில் ஒருவரைத் தங்கள் செலவிலேயே கூட்டிப்போவார்களாம். விவரமெல்லாம் உன் ஆபீஸ் மூலமாகத்தான் என்று போட்டிருக்கிறது.

நம் வகையறாவில் ஒரு முறை உண்டு. உன் அம்மா போன பிறகு எங்கள் ஊட்டில் வளர்ந்தவன் நீ, உனக்குத் தெரியாததல்ல. வெளியே செத்து, உடம்பும் கிடைக்காமல் போனவனுக்கு அவன் பங்குக் காட்டிலிருந்து ஒரு கல் எடுப்போம். அந்தக் கல் அவன் கிடக்கிற இடத்துக்குப் போகும். அங்கே மண்ணையோ தண்ணீரையோ தொட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரும். அதைக் காட்டில் நட்ட பிறகுதான் காரியம். என் சித்தப்பா குடகில் காப்பித் தோட்டத்துக்குப் போய் ஆற்றோடு போனபோது அப்படித்தான் செய்தார்கள். அந்தக் கல் இன்னும் ஓடையோரம் நிற்கிறது.

செல்வத்துக்கு மேட்டுக்காட்டில் கல் எடுத்து, மஞ்சள் தடவி, மாட்டுக் கட்டுத்தரையில் வைத்திருக்கிறேன். அது போய்த் திரும்புகிற வரைக்கும் அவன் ஊட்டுக்கு வந்து சேராதவன். உன் அத்தை கதவைத் தாழ் போட விடுவதில்லை. நாய்தான் உள்ளே வந்து போகிறது.

அந்த விமானத்தில் எவ்வளவு சுமை கொண்டுபோகலாம் என்று கேட்டு எழுது.

உன் மாமன்,
ராசு

&nbsp;

சென்னை
29.6.2024

மாமாவுக்கும் அத்தைக்கும் ரமேஷ்குமாரின் வணக்கங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் சுகம். சளி பிடித்திருந்தது, இப்போது பரவாயில்லை. அத்தையைத் தைலத்தோடு விடாமல் டாக்டரிடம் காட்டவும்.

நீங்கள் கேட்ட விவரம் இதுதான். சிலி நாட்டின் தென்கோடியில் பூண்டா அரீனாஸ் என்று ஓர் ஊர். அதுவரை பெரிய விமானம், சிரமம் இல்லை. அங்கிருந்து பயணிகளுக்கென்றே அமர்த்திய சிறிய விமானத்தில் ஏறி, பனிக்கடலில் ஒரு தீவில் இறங்க வேண்டும். இறங்குவது சரளைக்கல் ஓடுபாதையில். அங்கே கப்பல் காத்திருக்கும். அந்தச் சிறிய விமானத்தில் ஒருவருக்குக் கைப்பை உட்பட இருபது கிலோதான். பெட்டி கூடாது, துணிப்பைதான். முதல் நாளே ஓட்டலில் தராசு வைத்து நிறுப்பார்கள். கூடினால் எடுத்து வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதற்குக் காசு கட்டியும் தப்பிக்க முடியாது.

மண், விதை, இலை, பாசி, உணவுப்பொருள் எதுவும் கூடாது. செருப்பின் அடியைக் கூடத் துலக்கிப் பார்ப்பார்கள். அங்கே எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது, எதையும் எடுத்து வரவும் கூடாது.

கம்பளி உடுப்புகளே நிறையக் கனம் பிடிக்கும். ஆகவே கல் என்றால் உள்ளங்கையில் அடங்குகிற மாதிரிச் சிறியதாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

நான் அங்கே போனதில்லை மாமா. பயணிகளுக்கு விதிகளை எழுதி அனுப்புகிறவன் மட்டும்தான். எழுதியது புரியவில்லை என்றால் கேளுங்கள்.

அன்புடன்,
ரமேஷ்குமார்

&nbsp;

வளப்பூர் நாடு
20.7.2024

மாப்பிள்ளைக்கு மாமன் எழுதுவது.

நலம். நலமா?

நீ எழுதியது கடிதமா, ஆபீஸ் நோட்டீஸா? படித்துவிட்டுக் கீழே எங்கேயாவது சீல் குத்தியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

கல்லைச் செம்மேட்டுச் சந்தைக்கு எடுத்துப் போய் மிளகு வியாபாரி அண்ணாமலையின் தராசில் வைத்தேன். பதினோரு கிலோ. “ஏனுங்க, மொளகு மூட்டைக்குள்ள போடறதுக்குங்களா?” என்று சிரித்தான். பிறகு மஞ்சளைப் பார்த்தான், துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

சின்னதாகப் பார் என்கிறாய். இது கடையில் எடுக்கிற சட்டையா? காட்டுக்குள் நடக்கும்போது காலில் இடறுகிற முதல் கல்லைத்தான் எடுக்க வேண்டும். இதுதான் இடறியது. என் பெருவிரல் நகம் இன்னும் கறுத்துப்போய் இருக்கிறது. எடுத்ததைப் போட்டுவிட்டு வேறு ஒன்றை எடுத்தால் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு அடுத்தவன் பிள்ளையைக் கூட்டிப்போன மாதிரி.

மண் கூடாதாமே. அந்த மண்ணில் அல்லவா அவன் பிறந்தான்? மண்ணைக் கழுவிவிட்டால் அப்புறம் அது எந்தக் காட்டுக் கல்? இதை எழுதினவனைக் கொண்டுவந்து மேட்டுக்காட்டில் ஒரு நாள் நிறுத்த வேண்டும்.

பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். “ஏனுங்க, எந்த நாட்டுக்குப் போறீங்க?” என்றார். “அங்க நாடே கெடையாதுங்க, பனிதானுங்க” என்றேன். எழுதுகோலை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எதற்குப் போகிறேன் என்று உன் அத்தை சொன்னாள். அவர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். மோர் குடித்துவிட்டுப் போனார்.

கல்லுக்குப் பதினொன்று போனால் எனக்கு ஒன்பது கிலோ மிச்சம். ரெண்டு வேட்டி, ஒரு கம்பளி, ஒரு துண்டு. போதாதா?

வேறு ஏதாவது சொல்ல இருந்தால் எழுது.

ராசு

&nbsp;

சென்னை
8.8.2024

மாமாவுக்கு,

வணக்கம். நான் சுகம். அத்தையின் கால் எப்படி? ஆடி விழாவுக்கு மலையெல்லாம் கூட்டமாக இருந்திருக்கும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். மண்ணைப் பற்றிய விதிக்குக் காரணம் இருக்கிறது. அங்கே மரம் செடி கிடையாது. யாரோ ஒருவர் கால்சட்டை மடிப்பில் ஒட்டிக்கொண்டு போகிற ஒரு புல்விதை போதும், அந்த இடத்தில் இல்லாத புல் முளைத்துப் பரவிவிடும். அங்கே இருக்கிற பறவைகளுக்கும் பாசிக்கும் அது ஆபத்து. நம் மலையில் காட்டுச்செடி ஒன்று வந்து மேய்ச்சல் நிலத்தை மூடியதே, அது மாதிரிதான்.

கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். கல்லைச் சுத்தமாகக் கழுவி, கப்பலில் காட்டி, கடல் தண்ணீரில் நனைத்துத் திரும்பக் கொண்டுவந்துவிட்டால் ஆட்சேபம் இல்லை என்கிறார்கள். இருபது கிலோவில் மட்டும் மாற்றமில்லை.

வேட்டியெல்லாம் அங்கே ஆகாது மாமா. அந்தக் குளிர் உங்களுக்குத் தாங்காது. ரத்த அழுத்தம் வேறு இருக்கிறது. எனக்கு ஒரு யோசனை. செல்வத்தோடு ஒரே அறையில் இருந்த கேரளத்துக்காரர் ஒருவர் நவம்பரில் மறுபடி கப்பல் ஏறுகிறார். நல்ல மனிதர். கல்லைப் பார்சலாக என் ஆபீசுக்கு அனுப்பினால் அவர் எடுத்துப் போய் நனைத்துக் கொண்டுவந்துவிடுவார். நீங்களும் அலைய வேண்டாம்.

யோசித்து எழுதுங்கள்.

ரமேஷ்குமார்

&nbsp;

வளப்பூர் நாடு
26.8.2024

ரமேஷ்குமாருக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

அது பார்சல் இல்லை.

கப்பல்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் செல்வத்துக்கு என்ன முறை? யார் தூக்க வேண்டிய கல்லை யார் தூக்குவது? உனக்கு இதையும் நான் எழுதிக் காட்ட வேண்டுமா?

பாஸ்போர்ட் வந்துவிட்டது. போட்டோவில் திருடன் மாதிரி இருக்கிறேன். என் பெயரையே எழுதிக் கொடுத்துவிடு. நான் போகிறேன்.

ராசு

&nbsp;

வளப்பூர் நாடு
14.10.2024

ரமேஷ் மச்சானுக்குக் கலைமணி எழுதுவது. அப்பாவின் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவே இல்லை. இது அம்மா சொல்லி நான் எழுதுவது. ஒரு சொல்லைக் கூட மாற்றக் கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

கண்ணு ரமேசு, நல்லா இருக்கறயா? சோத்த நேரத்துக்குத் திங்கறயா? எனக்குக் காலு தேவல. சாமைக் கதிரு முத்திக்கிட்டு வருது.

உங்க மாமன் உனக்கு எழுதறதும் நீ அவருக்கு எழுதறதும் எனக்குத் தெரியாதுன்னு அவரு நெனப்பு. கலைமணி எல்லாத்தையும் படிச்சுச் சொல்லிப்புட்டா.

மண்ணு ஆகாது, பாசி ஆகாது, சுத்தமாக் கழுவோணும்னு எழுதியிருந்தயில்ல, அதுக்கு உங்க மாமன் குதிச்ச குதி இருக்குதே! அவரு மறுபடி செம்மேட்டுக்குப் போன அன்னைக்கு அண்டாவுல வெந்நி காய வச்சேன். கல்ல மணப்பலகை மேல வச்சு அரப்புப் போட்டுத் தேச்சேன். அதுல ரெண்டு பொந்து இருக்குது, காதாட்டம். உள்ள இருந்த மண்ண ஈக்குச்சியில நோண்டி எடுத்தேன். சின்னதுல அவங் காதத் தொட உட்டானா? தண்ணி ஊத்துனா ஊரக் கூட்டுவான். நீதான அவங் கையப் புடிச்சுக்குவ. இப்ப ஒரு சத்தமும் இல்லாம உக்காந்திருந்தான். வெந்நி ஊத்தி ஊத்தித் தொடச்சு, அவந் துண்டுலயே சுத்தி வச்சேன்.

சாமி, செத்த புள்ளையக் குளிப்பாட்டோணும்னு எந்தத் தாயும் ஆசப்பட மாட்டா. ஆனா அதுங்கூட எனக்குக் கெடைக்கலையேன்னு இத்தன மாசமா நெஞ்சுக்குள்ள அடச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. கல்லக் கழுவோணும்னு சட்டம் போட்டானே, அவன் எந்த ஊர்க்காரனோ, அவம் புள்ளகுட்டி நல்லா இருக்கோணும். அன்னைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

இப்ப நாஞ் சொல்றதக் கேளு. தகப்பன் கல்லுத் தூக்கக் கூடாது. கூடப் பொறந்த முறையிலயும் தூக்கக் கூடாது. மச்சான் முறை இருக்கறவன்தான் தூக்கோணும். எம் புள்ளைக்கு மச்சான்னு நீ ஒருத்தன்தான். தகப்பன் தூக்கிக்கிட்டு வந்தா அந்தக் கல்ல ஊருக்குள்ள உட மாட்டோம், எல்லையோட நிறுத்திருவோம்னு பங்காளிங்க சொல்லிப்புட்டாங்க. அப்படி ஆச்சுன்னா எம் மவன் காலத்துக்கும் ஊருக்கு வெளிய நிக்கோணும்.

இது தெரிஞ்சுதான் உங்க மாமன் பாஸ்போட்டு எடுத்தாரு. போறதுக்கு இல்ல. அதப் பாத்தாவது நீ, ‘மாமா இருங்க, நான் தூக்கறேன்’னு சொல்லுவியான்னு பாத்தாரு. நீ கம்பளி, குளுருன்னு எழுதற. ‘நீங்களே அவங்கிட்டக் கேளுங்க’ன்னு சொன்னேன். ‘அவனே மருகிக் கெடக்கறான், அவன் தலையில நானே எடுத்து வைக்கறதா’ங்கறாரு.

அவரும் கேக்க மாட்டாரு. நீயும் சொல்ல மாட்டீங்கற. நடுவுல எம் புள்ள கட்டுத்தரையில உக்காந்திருக்கறான். தீவாளிக்கு முன்னாடி பதிலு போடு சாமி.

அத்தை கண்ணாயி

&nbsp;

சென்னை
19.10.2024

என் மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் கலைமணியும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமாக இல்லை. அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

கல்லை நான் தூக்குகிறேன் மாமா.

முறை தெரியாமல் இல்லை. உங்கள் முதல் கடிதத்தைப் படித்த அன்றைக்கே தெரியும். அதைப் பற்றி எழுத முடியாமல்தான் கிலோவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அது எனக்குப் பழக்கமான எழுத்து, கை தானாக ஓடும். செல்வத்தைக் கப்பலில் ஏற்றிவிட்டது இந்தக் கை. இதே கையை நீட்டினால் கல்லைக் கொடுப்பீர்களா, முகத்தைத் திருப்பிக்கொள்வீர்களா என்று பயம். திருப்பிக்கொண்டால் எனக்கு வேறு வீடு கிடையாது.

மார்ச்சில் மலையடியில் காரவள்ளி வரைக்கும் வந்தேன். மலை பஸ் நின்றது. கண்டக்டர் விசில் கொடுத்துக் கூப்பிட்டார். ஏறவில்லை. ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் சேலம் போய்விட்டேன்.

ஜனவரி கப்பலுக்கு என் பெயரைக் கொடுக்கலாமா? ஆபீசில் லீவு கேட்டுவிட்டேன். உங்களுக்கு மனமில்லை என்றால் அதையும் எழுதுங்கள். எதுவும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். நான் செய்தது அதுதான், அது எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது.

உங்கள்
ரமேஷ்

&nbsp;

வளப்பூர் நாடு
6.11.2024

மாப்பிள்ளை, என் சாமி,

வா. வந்து தூக்கு.

இந்த ரெண்டு வார்த்தை எழுதத் தீபாவளி போய்விட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன். கலைமணி நோட்டில் பாதி காலி.

நீதான் ஏற்றிவிட்டாயாமே! சோறு தின்னாமல் அடம் பிடித்து என்னிடம் சம்மதம் வாங்கினவன் யாரடா? “இந்த மலையில பொறந்தவன் கடலப் பாக்கக் கூடாதுங்களா?” என்று என் மூஞ்சிக்கு நேராக அவன் கேட்டபோது நீயும் பக்கத்தில்தானே நின்றாய்? அவன் கேட்டான், நீ வழி சொன்னாய், நான் சரி என்றேன். அலையை நம்மில் யாரும் அனுப்பவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருந்தது. அவனை அனுப்பியதற்கு இல்லை. அவன் போன பிறகு நீயும் வராமல் இருந்ததற்கு. ஒரே வருஷத்தில் எனக்கு ரெண்டு பிள்ளைகள் இல்லாமல் போனார்கள். அதை யாரிடம் சொல்லி அழுவது?

சரி, கேட்டுக்கொள். கார்த்திகை கழியும் முன்னால் வந்து கல்லை வாங்கிக்கொள். போகும்போது அது வெறும் கல்தான், எப்படியும் கொண்டுபோ. திரும்பும்போது அவன் அதில் வருவான். வெறுந்தரையில் வைக்கக் கூடாது, கீழே துணி விரித்து வை. யாரையும் தாண்ட விடாதே. ஒவ்வொரு வண்டியிலும் ஏறும்போது ‘ஏறுடா செல்வம்’ என்று சொல், இறங்கும்போது ‘எறங்குடா’ என்று சொல். இல்லாவிட்டால் பராக்குப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவான், அவன் புத்தி உனக்குத் தெரியுமே. எவன் கேட்டாலும் அதை லக்கேஜ் என்று மட்டும் சொல்லாதே.

கம்பளி நிறையப் போட்டுக்கொள். குளிர் தாங்காது என்று எனக்கு எழுதினாயே, உனக்கு மட்டும் தாங்குமா?

மாமன் ராசு

&nbsp;

பூண்டா அரீனாஸ்
21.1.2025

மாமாவுக்கும் அத்தைக்கும்,

நான் நலம். கல்லும் நலம். இன்று காலைதான் தீவிலிருந்து திரும்பினோம். இதைத் தபாலில் போடுகிறேன். எனக்கு முன்னால் வருகிறதோ, பின்னால் வருகிறதோ தெரியாது.

புறப்படும் முன் ஓட்டலில் தராசில் நிறுத்தார்கள். ஐந்து வருஷமாக மற்றவர்களுக்கு எழுதிய விதியின் முன்னால் நானே நின்றேன். மூன்று ஸ்வெட்டரையும் ரெண்டு கால்சட்டையையும் உடம்பில் மாட்டிக்கொண்டு போயும் முள் இருபதைத் தாண்டியது. இன்னொரு ஜோடி ஷூவை எடுத்து வைத்தேன், லேப்டாப்பை எடுத்து வைத்தேன். தராசுக்கார அம்மாள் கல்லைக் காட்டி, இதை வைத்துவிட்டால் எல்லாவற்றையும் கொண்டுபோகலாமே என்று சைகையில் சொன்னாள். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

கப்பலில் ஒரு பெண் விளக்கும் இடுக்கியும் கொண்டு எல்லோருடைய பையையும் சோதித்தாள். பெரிய பணக்காரர் ஒருவரின் கையுறையில் பத்து நிமிஷம் பஞ்சு பொறுக்கினாள். நம் கல்லின் ரெண்டு பொந்திலும் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு துரும்பு இல்லையே, யார் கழுவியது என்று கேட்டாள். அவன் அம்மா என்றேன். விளக்கை அணைத்துவிட்டுக் கல்லின் மேல் கையை வைத்தாள். அத்தையிடம் சொல்லுங்கள்.

செல்வத்தின் அறைத்தோழர் என்னோடேயே இருந்தார். கப்பல் ஆடும்போது எல்லோரும் வாந்தி எடுப்பார்களாம். இவன் மட்டும், இதெல்லாம் ஒரு ஆட்டமா, எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள் என்று சிரிப்பானாம். எழுபது கொண்டை ஊசி வளைவு என்று சொன்னால் அங்கே ஒருவரும் நம்பவில்லையாம். எண்ணிக் காட்ட எல்லோரையும் கூட்டிவருவதாகச் சொல்லியிருந்தானாம்.

அந்த இடத்தில் கேப்டன் எஞ்சினை நிறுத்தினார். காற்று இல்லை. ரப்பர் படகில் இறங்கினோம். கல்லை வலையில் கட்டி, கயிற்றை என் இடுப்போடு முடிந்து, தண்ணீருக்குள் விட்டேன். கொஞ்ச தூரம் வரை தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. விரல் மரத்துப்போகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன். சொல்வதற்கு என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது, “வாடா, ஊட்டுக்குப் போலாம்” என்பதுதான். சின்ன வயசில் ஓடையில் குளிக்கும்போது கிளம்ப மாட்டான், கரையில் நின்று நான் அப்படித்தான் கத்துவேன்.

இழுக்கும்போது கனமாக இருந்தது மாமா. இறக்கியபோது அவ்வளவு கனமில்லை. திரும்பி வருகையில் தராசில் வைத்தார்கள், அதே பதினோரு கிலோதான்.

ஒரு தப்பு நடந்துவிட்டது. விமானத்தில் மடியில் வைத்துக்கொள்ள விடவில்லை. எல்லோருடைய பையோடும் சேர்த்து வலை போட்டுக் கட்டினார்கள். பையில் கட்ட நீட்டிய துண்டுச் சீட்டில் லக்கேஜ் என்றுதான் எழுத வேண்டியிருந்தது, எழுதிவிட்டேன். அதன் கீழே தமிழில் செல்வம் என்று எழுதினேன். ‘ஏறுடா’ என்று சொல்லித்தான் ஏற்றினேன். நீங்கள் சொன்னதைக் காப்பாற்ற முடியவில்லை. மன்னியுங்கள்.

வருகிறோம்.

ரமேஷ்

&nbsp;

வளப்பூர் நாடு
23.2.2025

மாப்பிள்ளை ரமேஷுக்கு மாமன் ராசு எழுதுவது.

இங்கே நலம். இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை. நீ சென்னைக்குப் போய்ச் சேர்ந்தாயா? குளிரில் வெடித்த உதட்டுக்கு அத்தை கொடுத்தனுப்பிய நெய்யைப் போடுகிறாயா, அப்படியே வைத்திருக்கிறாயா?

மேட்டுக்காட்டில் கல் நன்றாக நிற்கிறது. நீ பிடித்துக் கொடுத்தபோது லேசாகக் கிழக்கே சாய்ந்திருந்ததே, அதை நிமிர்த்தவில்லை. அவனும் அப்படித்தான் நிற்பான். கடலில் நனைந்து காய்ந்த உப்பு ஒரு பக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பங்காளிகள் கழுவிவிட்டு நடலாம் என்றார்கள், உன் அத்தை விடவில்லை. “ஒருக்கா நான் கழுவியாச்சு, போதுமுங்க” என்றாள். காரியம் முடிந்த அன்றைக்குக் கதவைத் தாழ் போட்டாள். அந்தச் சத்தம் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் படுத்துக்கொண்டே கேட்டேன்.

நேற்று செம்மேட்டு பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கருப்பண்ணனைப் பார்த்தேன். நீ வந்த வண்டியில் அவர்தானாம். “ஏனுங்க, உங்க மாப்ளே காரவள்ளியில ஏறுனாருங்க. ஜன்னலோர சீட்டுல துண்டு விரிச்சு, போர்த்துன கல்லு ஒன்ன வச்சு, பக்கத்துல உக்காந்துக்கிட்டாரு. ‘லக்கேஜ் டிக்கெட்டுப் போட்டரட்டுங்களா’ன்னு கேட்டனுங்க. ‘லக்கேஜ் இல்லீங்க, ஆளு’ன்னாருங்க. ரெண்டு முழு டிக்கெட்டு வாங்கினாரு. வண்டியில நிக்க எடமில்லாத கூட்டமுங்க. ஒருத்தரும் அந்த சீட்டக் கேக்கல. வளைவுல எல்லாம் கைய அணை கொடுத்துக்கிட்டே வந்தாரு. ‘இது பதினஞ்சு, இது பதினாறு’ன்னு எண்ணிக்கிட்டும் வந்தாரு” என்றார்.

நீ இதை என்னிடம் சொல்லவே இல்லையே? பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தபோது என் வாயிலிருந்து வந்தது, “ஏன்டா இவ்வளவு இளைச்சுட்டே” என்பதுதான். கருப்பண்ணன் சொன்ன பிறகு பஸ் ஸ்டாண்டு நடுவிலேயே நின்று அழுதேன். அந்த விமானச் சீட்டைப் பற்றி மன்னிப்புக் கேட்டாயே, அதை மறந்துவிடு. உன் மச்சானை நீ ஆளாகத்தான் கூட்டிவந்திருக்கிறாய்.

கலைமணியிடம் சொல்லி அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்த போனை எடுத்து சார்ஜில் போட்டிருக்கிறேன். மணி அடித்தால் எந்தப் பக்கம் தேய்ப்பது என்று மறந்துபோச்சு, அதையும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு சாமி. நானே எடுக்கிறேன்.

உன் மாமன்,
ராசு